தனியாகப் போன இருமல்

தையல்காரியின் இருமல் ஒரு திங்கட்கிழமை காலை அவளை விட்டுவிட்டுத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. அதைக் குறை சொல்ல முடியாது. மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுப்பது காலையில் மட்டும். துணிக் கம்பெனி கேட்டை மூடுவதும் அதே நேரம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் மறுநாள் அவள் மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். குப்பைமேட்டை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் எல்லோருடைய வியாதிக்கும் இதே கதிதான்.

இருமல் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்துக்கொண்டது. கண்டக்டர் அதைக் கைக்குழந்தைக் கணக்கில் விட்டுவிட்டார். வரிசையில் ஒழுங்காக நின்றது. முறை வந்ததும் டாக்டரம்மா காலி ஸ்டூலின்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, "இருமல் சரி, நெஞ்சு எங்க?" என்றார். "அது டூட்டிக்குப் போயிருக்கும் தாயி," என்றார் அடுத்து நின்ற பெரியவர்.

குடியிருப்பிலோ ஒரே கொண்டாட்டம். இருமல் போனால் வியாதியும் போனதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். "உங்க சத்தமில்லாம எனக்குத் தூக்கமே வரல அண்ணி," என்று நாத்தனார் சிரித்தாள். மற்றவர்களும் தங்கள் உபாதைகளை அனுப்பிவைத்தார்கள். கொத்தனாரின் இடுப்புவலி போயிற்று. சமையல்காரியின் காய்ச்சல் உட்கார்ந்த பெஞ்சில் யாராலும் கை வைக்க முடியவில்லை.

ஆனால் தையல்காரியின் காசநோய் நெஞ்சிலேயேதான் இருந்தது. கத்திச் சொல்ல ஆளில்லாததால் நிம்மதியாக வேலை பார்த்தது. உடம்பு இளைக்க இளைக்க, அவள் தன் உடுப்புகளையே திரும்பத் திரும்பப் பிடித்துத் தைக்க வேண்டியதாயிற்று. ஒரு நாள் வாசலில் சரிந்தவளைப் புருஷன் தூக்கினான். மூட்டை தூக்குகிறவன். "உன்னத் தூக்கினா யாருடி கூலி குடுப்பா, எடையே இல்லியே," என்று அவளை உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தான்.

அந்த நெஞ்சில் குடியிருந்த இருமலுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் சரிந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலேயே காத்துக் கிடந்த அது டாக்டரம்மாவின் காதருகே விடாமல் இருமியது. அவர் எழுந்ததும் ஓரடி தள்ளி இருமியது. அவர் பையை எடுத்துக்கொண்டு சத்தத்தின் பின்னாலேயே பஸ் ஏறி, கம்பெனி விட்டு ஜனம் திரும்பும் நேரத்துக்குக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார். இருமல் தன் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. "வந்துட்டியா," என்றாள் தையல்காரி. டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். "உங்க வலியெல்லாம் எனக்கு நல்லாப் பழக்கம். உங்களத்தான் இப்பப் பாக்குறேன். இனிமே சாயங்காலம் நானே வர்றேன்."

விதியில் இடமில்லை என்றார் ஆஸ்பத்திரி மேலதிகாரி. சமையல்காரியின் காய்ச்சல் அவர் அறையில் ஒரு மத்தியானம் போய் உட்கார்ந்தது. குடியிருப்பில் ஒரு சாயங்கால ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்தாகிவிட்டது.

மாத்திரைகளை விடாமல் முழுங்கித் தையல்காரி தேறினாள், கன்னத்தில் சதை வைத்தது. போக்கிடமில்லாத இருமல் சாயங்கால ஆஸ்பத்திரியின் படியிலேயே தங்கிவிட்டது. நேரத்துக்குக் கதவு திறக்கவில்லையென்றால், தொண்டை இல்லாவிட்டாலும் ஒருமுறை செருமும். "இரு, சாவியத்தான் தேடுறேன்," என்பார் டாக்டரம்மா.