மூன்றாவது நிமிடத்து இருமல்

தன் பழைய இசைக்குழுவுக்கு அருங்காட்சியகம் திறந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து சலவைக்கடைக்காரருக்கு அடிவயிற்றில் இஸ்திரிப் பெட்டியை வைத்ததுபோல் இருந்தது. உலகம் தலையில் வைத்து ஆடும் அதன் பாடகன் அவருக்கு வெறும் மூக்கன். குழுவின் முதல் பாட்டுக்கு டிரம்ஸ் அடித்தவர் இவர்; இரண்டாவது பாட்டுக்குள் வேறு ஆள் வந்துவிட்டான். அதையாவது விழுங்கிக்கொள்ளலாம். முதல் பாட்டின் மூன்றாவது நிமிடத்தில் ஓர் இருமல் கேட்கும். காய்ச்சலோடு பாடிய மூக்கனின் உயிரே அதில் இருக்கிறதென்று ரசிகர்கள் உருகுவார்கள். இருமியது சலவைக்கடைக்காரர். இருபத்தைந்து வருடமாகச் சொல்கிறார். கட்டிய மனைவிகூட நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையே கூட்டிக்கொண்டு போனார்.

மூக்கன் வேர்வை துடைத்த துண்டுக்குக் கண்ணாடிப் பெட்டி. மூக்கன் கடித்த பென்சிலுக்குக் காவலாளி. ஒரு பொத்தானை அமுக்கினால் திரையில் மூக்கன் சிரித்தான். இன்னொன்றை அமுக்கினால் யோசித்தான்.

"யாராவது அமுக்கினாத்தான் யோசிப்பான். அப்பவே அப்படித்தான்" என்றார்.

"வயித்தெரிச்சல வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

கடைசி அறையில் ஒரு மைக், ஒரு திரை, 'அவரைப்போல் இருமிப் பாருங்கள்' என்று ஒரு பலகை. பக்கத்தில் ஒரு பெட்டி மேடைப் புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. வரிசை வாசல்வரை நின்றது.

"இப்ப பாரு" என்று காலரைச் சரிசெய்துகொண்டு இருமினார். இருபத்தொன்பது மதிப்பெண். 'இன்னும் உணர்ச்சி தேவை' என்றது திரை.

"என் இருமலுக்கு நானே உணர்ச்சி காட்டணுமா?"

மனைவி சும்மா தொண்டையைச் செருமினாள். ஐம்பத்து நான்கு.

"பாத்தீங்களா? இருமினது நான்தான் போல!"

வரிசையே சிரித்தது. மூக்கனின் ஏழு தலைமுறையையும் திட்ட மைக் முன்னால் வாயைத் திறந்தார். புகை உள்ளே போனது. வந்ததே ஓர் இருமல்! திரை பளிச்சென்று பூத்தது: தொண்ணூற்றெட்டு. பலர் கை தட்டினார்கள்.

மனைவியின் முகம் மாறியது. "ஏங்க... நிஜமாவே நீங்கதானா அது?"

அவர் பதில் சொல்வதற்குள் பணிப்பெண் ஒருத்தி வந்து அவர் சட்டையில் ஒரு வில்லையைக் குத்தினாள்: 'அச்சு அசல் அவரைப்போலவே'.

"ரெண்டாவது இடம் சார்!"

"முதல் இடம் யாரும்மா?"

"அவரேதான் சார். திறப்பு விழா அன்னிக்கு இருமினாரு. நூத்துக்கு நூறு."

"மெஷின் சொல்லிச்சா?"

"மெஷின் அன்னிக்கு ரிப்பேர் சார். நாங்களே போட்டுட்டோம். அவரோட இருமல்தானே!"

மனைவி அவர் கையைப் பிடித்தாள். "அவன் கிடக்கிறான், விடுங்க. நான் நம்பறேன். போதுமா?"

இருபத்தைந்து வருடமாக அவர் ஏங்கிக் கிடந்த வார்த்தை. அது காதில் விழவே இல்லை. புகைப் பெட்டியின் முன் குனிந்து, வாயை ஆவென்று திறந்து, நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு, வரிசையின் வாலில் போய் நின்றார்.