கூப்பிட்டால் வராத டியூக்

பதிமூன்று நாளாக அந்த நாய் சாப்பாட்டு மேசைக்கு அடியில்தான் கிடந்தது. பதிமூன்று நாளாக கிளெண்டா ப்ளோர் குனிந்து குனிந்து, "டியூக், வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாய் அவளைப் பார்க்கும். காது துளிகூட அசையாது. பக்கத்து வீட்டுக்காரனை யாரோ கூப்பிடுகிறார்கள், நமக்கென்ன என்பதுபோல முன்னங்காலில் தலையை வைத்து மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

கிளெண்டாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இங்கிலாந்தில் ஸ்டோக் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. அம்மாவை ஆறு வருஷம் வீட்டிலேயே வைத்துப் பார்த்து, போன நவம்பரில் அடக்கம் செய்தவள். அந்த ஆறு வருஷத்துக் களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. தூங்கி எழுந்தால் தூங்கியதே களைப்பாக இருந்தது. யாரும் கூப்பிடாத ஒரு வீட்டில் கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருக்கத்தான் ஆசைப்பட்டாள். தங்கை உட்கார விட்டால்தானே.

"வீட்ல ஒரு உசுரு இருக்கணும்டி கிளெண்டா" என்று லினெட் லண்டனிலிருந்து போனில் பிடித்துக்கொண்டாள். "இல்லேன்னா நீயும் அந்த நாற்காலியோட நாற்காலியா ஆயிடுவ."

"நாற்காலியை யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல. அது போதும் எனக்கு."

"இப்படிப் பேசறதுக்குத்தான் சொல்றேன். ஒரு சின்ன நாயா பாரு. டெரியர்னா அடக்கமா இருக்கும். நான் படம் அனுப்பறேன்."

லினெட் ஊரைவிட்டுப் போய் முப்பது வருஷம் ஆகிறது. ஊர்ப் பேச்சை ஸ்டோக் ரயில் நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனவள். இப்போது வாயைத் திறந்தால் டிவியில் செய்தி வாசிப்பதுபோல இருக்கும். டெரியர் அடக்கமான ஜாதி என்று அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. இருந்தாலும் படம் அனுப்பினாள். வேல்ஸ் கடற்கரைப் பக்கம், போக்கிடம் இல்லாத டெரியர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்கிற காப்பகம் ஒன்று. ஏழு வயது பார்டர் டெரியர். தேங்காய் நார் நிறம், கம்பி முடி, ஓய்வுபெற்ற தபால்காரர் மாதிரி ஒரு மீசை. படத்திலேயே அது களைத்துப்போய்த்தான் இருந்தது. அதுதான் கிளெண்டாவுக்குப் பிடித்தது.

நாய் வருமுன் வீடு பார்க்கக் காப்பகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தாள். பின்கட்டு வேலியை நாடாவால் அளந்தாள், துணி துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், கிளெண்டாவின் இடுப்பு வலி வரைக்கும் விசாரித்தாள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். கிளெண்டா தேறிவிட்டாள். ஈஸ்டர் விடுமுறை தொடங்கியதும் காரை எடுத்துக்கொண்டு காப்பகத்துக்குப் போனாள்.

காப்பகத்தை நடத்துகிற பிலிப்பா தெற்கு இங்கிலாந்துக்காரி. ஒவ்வொரு சொல்லையும் துடைத்துத் துடைத்துப் பேசுவாள்.

"இவன் பேரு டியூக். உங்ககிட்ட மறைக்கக் கூடாது, ரெண்டு வீட்டுக்குப் போயி ரெண்டு வீட்லேர்ந்தும் திரும்பி வந்துட்டான். கூப்பிட்டா வர மாட்டான். ஒருத்தங்க காது மந்தம்னாங்க, ஒருத்தங்க திமிருன்னாங்க. காது சுத்தமா கேக்குது, டாக்டர் பாத்துட்டார்."

"அப்ப என்னதான் கோளாறு?"

"தெரியலை. பதினாலு நாள் வெச்சுப் பாருங்க. ஒத்து வரலேன்னா திருப்பிக் கொண்டு வாங்க, தப்பா நினைக்க மாட்டோம். ஆனா மறுபடியும் இவனை யார்கிட்டயும் அனுப்பறதா இல்ல. பாவம், எத்தனை தடவைதான் அலைக்கழிக்கிறது? இங்கயே கூண்டுல இருந்துட்டுப் போகட்டும்."

அந்தக் கூண்டுகளைக் கிளெண்டா பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தன, குறை சொல்ல முடியாது. சுத்தமான இடங்களில் ஆயுளைக் கழிப்பவர்களை அவள் அம்மாவுக்காகப் போன ஆஸ்பத்திரிகளில் நிறையப் பார்த்திருந்தாள். கையெழுத்துப் போட்டு நாயைத் தூக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த நாய் நேராக மேசைக்கு அடியில் போனது. அவள் அறையைவிட்டு வெளியே போனால்தான் சாப்பிடும். பின்கட்டுக்குப் போகும், வேலையை முடிக்கும், திரும்பி வரும். தெருப்பக்கம் கேட்டைத் தாண்டாது. இழுத்தால் அப்படியே உட்கார்ந்துவிடும். வெளியிலும் விடாத மழை. கிளெண்டாவும் வெளியே போகவில்லை. பேச ஆளும் இல்லை, பேசத் தெம்பும் இல்லை. 'டியூக்' என்ற ஒரே சொல்லைத் தவிர அந்த வீட்டில் பதிமூன்று நாளாக வேறு பேச்சே இல்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் தேவலை. அம்மா கடைசி இரண்டு வருஷம் அவள் பெயரை மறந்துபோயிருந்தாள். பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்து, யாரோ வந்திருக்கிறார்கள் என்பதுபோலச் சிரிப்பாள். இப்போது இந்த நாய், அதே பார்வை. யார் நீ என்று கேட்கிற இன்னொரு ஜோடிக் கண்ணை இந்த வீட்டில் அவளால் தாங்க முடியாது. பதிமூன்றாம் நாள் சாயங்காலம் பிலிப்பாவுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கொண்டு வந்து விட்டுடறேன். மன்னிச்சுக்கோங்க. என்னால முடியலை."

"பரவாயில்ல" என்றாள் பிலிப்பா.

சனிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. கிண்ணம், விரிப்பு, கடைசி வரை தொடப்படாத ஒரு ரப்பர் எலும்பு, எல்லாவற்றையும் காரில் போட்டாள். நாயைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். அது மூட்டைபோல உட்கார்ந்துகொண்டது. போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும், வயிறோ காலி. முக்குக் கடையில் இரண்டு ஓட்கேக் வாங்கிக்கொண்டு போகலாம் என்று காரை ஓரம் கட்டினாள்.

ஓட்கேக்கில் கேக் என்பது பெயரோடு சரி. ஓட்ஸ் மாவைக் கரைத்துக் கல்லில் ஊற்றி எடுக்கிற தோசை அது. உள்ளே சீஸும் பன்றிக்கறியும் வைத்து மடித்துத் தருவார்கள். சனிக்கிழமை காலை அதற்கு வரிசையில் நிற்காதவன் ஸ்டோக் நகரத்துக்காரனே இல்லை. கடை என்பது ஒரு ஜன்னல்தான். உள்ளே மேவிஸ், வெளியே ஏழெட்டுப் பேர். நாயைத் தனியாக விட மனம் வராமல் கிளெண்டா அதையும் கயிற்றில் பிடித்து இறக்கினாள். அது நடைபாதையில் மிதியடி மாதிரிப் பரந்து படுத்துக்கொண்டது. வரிசை நகர நகர, இவளும் அதை இழுத்து இழுத்து நகர்த்தினாள்.

அவள் முறை வந்தது. மேவிஸ் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்ன வேணும் டுக்?"

மிதியடி எழுந்து நின்றது.

டுக் என்றால் வாத்து. மற்ற ஊர்களில் டக் என்பதை இங்கே டுக் என்பார்கள். பறவையை நினைத்து யாரும் சொல்வதில்லை. நம்மவர்கள் 'கண்ணு' என்கிறார்களே, அது மாதிரி. ஆண், பெண், குழந்தை, போலீஸ்காரர், முன்பின் தெரியாதவர், யாராக இருந்தாலும் இந்த ஊரில் டுக்தான்.

நாய் ஜன்னலுக்குக் கீழே சுவரில் இரண்டு முன்னங்காலையும் வைத்து எக்கி நின்றது. வால் மட்டுமல்ல, இடுப்பிலிருந்து உடம்பே ஆடியது. தொண்டையிலிருந்து ஒரு முனகல். அதற்குக் குரல் இருப்பதையே கிளெண்டா அப்போதுதான் அறிந்தாள்.

"அடடே, யாரு இது?" என்றாள் மேவிஸ்.

பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஒருவர் கிளெண்டாவின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்கோ டுக், கயிறு காலைச் சுத்துது" என்றார். நாய் சுவரை விட்டுவிட்டு அவரிடம் பாய்ந்தது. அவர் பூட்ஸை நக்கியது. வரிசைக் கடைசியில் ஒரு அம்மா, "அட, வா டுக், வா" என்றதும் பஸ் டிரைவரைக் கைவிட்டு அந்த அம்மாவிடம் ஓடியது. கயிற்றோடு கிளெண்டாவும் ஓடினாள். அதற்குள் விஷயம் வரிசைக்குப் புரிந்துவிட்டது. ஆளாளுக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நாய்க்கு எங்கே போவது என்று தெரியவில்லை. ஊரே திரண்டு வந்து தன்னை அழைக்கிறது என்று நினைத்து நடுவில் நின்று சுற்றிச் சுற்றி வந்தது.

"இவன் பேரு என்ன?" என்றார் பஸ் டிரைவர்.

"டியூக்" என்றாள் கிளெண்டா. நாய் திரும்பவில்லை.

"டியூக்கா? பிரபுவா? இவனா? மூஞ்சியப் பாரு. எந்த அரண்மனைக்குப் போறாராம் துரை?"

வரிசை சிரித்தது. கிளெண்டாவும் சிரித்துவிட்டாள். சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று முகத்தசை வலித்தபோதுதான் தெரிந்தது.

"நீ கூப்பிடு, நீ கூப்பிட்டா என்ன பண்றான் பாப்போம்" என்றாள் மேவிஸ்.

கிளெண்டா வாயைத் திறந்தாள். டுக் என்ற சொல் வரவில்லை. "ஓட்கேக் ரெண்டு, சீஸ் வெச்சு, பன்றிக்கறி வெச்சு" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டு, நாயைத் தூக்கி அணைத்தபடி காருக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சொல்லை அவள் நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. பெயர் மறந்த அம்மாவிடம் கடைசியில் மிஞ்சியது அது ஒன்றுதான். டுக், தண்ணி. டுக், போர்வை. டுக், வெளிச்சத்த அணை. காலையில் ஒரு மணி நேரம் வந்துபோகிற நர்ஸும் டுக், பால்காரனும் டுக், டிவியில் பேசுகிறவனும் டுக். ஒருநாள் நர்ஸும் இவளும் அறையில் இருக்கும்போது அம்மா "டுக்" என்றாள். இரண்டு பேரும் திரும்பினார்கள். கிளெண்டாவுக்கு அன்று என்னவோ பொறுக்கவில்லை. "யாரைம்மா கூப்பிட்ட? என்னையா, அவளையா?" என்று கேட்டுவிட்டாள். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தாள். கிளெண்டா பின்கட்டுக்குப் போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம் அவள் யாரையும் டுக் என்றதில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளுக்குப் பரிமாறும்போதுகூட, "அடுத்தது" என்பாள்.

காருக்குள் இருந்தபடியே பிலிப்பாவுக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு கேக்கணும். இவனுக்கு டியூக்னு பேரு வெச்சது யாரு?"

"முதல்ல வளத்த பெரியவர்தான். வெர்னன்னு பேரு. உங்க பக்கம்தான், பர்ஸ்லெம்ல இருந்தார். அங்க இருக்கற காப்பகம் எல்லாம் நிரம்பிடுச்சுன்னு எங்களைக் கூப்பிட்டார். முதியோர் இல்லத்துக்குப் போறாரு, அங்க நாயைச் சேத்துக்க மாட்டாங்க. போன்ல நான்தான் பேசினேன். அழுதுட்டே இருந்தார், பாவம். நாய் பேரு என்னன்னு கேட்டேன். 'பேரென்ன பேரு, டியூக்குன்னுதான் கூப்பிடுவேன்'னார். எழுதிக்கிட்டேன். ரொம்பக் குழம்பிப் போயிருந்தார். கடைசியில என்னையே ரெண்டு மூணு தடவை டியூக்னு கூப்பிட்டார். நான் கண்டுக்கல."

கிளெண்டா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கிழவர் எதிலும் குழம்பவில்லை. நாயையும் டுக் என்றார், நாயைக் காப்பாற்ற வந்தவளையும் டுக் என்றார். தெற்குக் காதில் அது பிரபுவாக விழுந்து, காகிதத்தில் ஏறி, இரண்டு வீடு சுற்றி, கூண்டு வரைக்கும் வந்துவிட்டது.

நாய் பக்கத்து இருக்கையில் நின்று, ஜன்னல் கண்ணாடியில் மீசையை அழுத்தி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்கள் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதன் வாலாட்டம் இன்னும் நிற்கவில்லை.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றாள் பிலிப்பா. "அப்ப பன்னெண்டு மணிக்குக் கொண்டு வர்றீங்கதானே?"

"இல்ல" என்றாள் கிளெண்டா. "கொண்டு வரலை, டுக்."

யோசித்துச் சொன்னதில்லை. ஐம்பத்தாறு வருஷத்துப் பழக்கம், பதிலோடு ஒட்டிக்கொண்டு தானாக வந்துவிட்டது. நாய் ஜன்னலை விட்டுத் திரும்பியது. ஓட்கேக் பொட்டலத்தை மிதித்துக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, அவள் மடியில் ஏறியது. இரண்டு காலையும் அவள் மார்பில் ஊன்றி, வந்துட்டேன், என்ன விஷயம் என்பதுபோல முகத்தைப் பார்த்தது.

போனில் பிலிப்பா கேட்டாள்: "யாரைக் கூப்பிட்டீங்க? என்னையா?"

கிளெண்டாவுக்கு அம்மாவின் அறை ஞாபகம் வந்தது. நர்ஸ் ஒரு மணி நேரத்தில் போய்விடுவாள். பால்காரன் வாசலோடு போய்விடுவான். டுக் என்று அம்மா கூப்பிட்டபோதெல்லாம், இரண்டு வருஷம், படி ஏறி ஏறிப் போனவள் இவள்தான்.

"வந்தவனை" என்றாள். "கூப்பிட்டா யாரு வர்றாங்களோ அவங்களை."

பிலிப்பாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காகிதத்தில் பெயரை மாற்ற வேண்டுமா என்று கேட்டாள். மாற்றுங்கள் என்று சொல்லி, கிளெண்டா 'டுக்' என்று எழுத்துக்கூட்டிச் சொன்னாள். போனை வைத்துவிட்டு, நசுங்கிய பொட்டலத்தைப் பிரித்து, பன்றிக்கறியை நாய்க்கு எடுத்து வைத்தாள். முதல்முறையாக அது அவள் எதிரிலேயே சாப்பிட்டது.