ஹேவாஹெட்ட முகவரி

அன்று காலை பத்து மணிக்கு அந்த மண்டபத்தில் இருந்தவர்கள்: திட்டத்தின் இணைப்பாளர் ஜஹானா மிஸ், கொழும்பிலிருந்து வந்திருந்த வடிவமைப்பாளர் ஸ்ரீதரன், மடிக்கணினியில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்த, பெயர் தெரியாத ஒரு சிங்கள அதிகாரி, நேர்முகத்துக்கு வந்த என் தங்கை தர்ஷிகா, வரவேண்டாம் என்று சொல்லியும் வந்த அம்மா, இரவுக் காவல் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கதவருகே நின்ற நான்.

மண்டபம் என்பது இப்போதைய பேர். முன்பு அது தெரு கூட்டுகிறவர்களான நாங்கள் குடியிருந்த லயம், வரிசை வீடு. எட்டு அறைகள். கண்டிக்கு இளம் படைப்பாளிகளை வரவழைக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்து, நடுச்சுவர்களை இடித்து, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டார்கள். எங்களைப் பின்பக்க லயத்துக்கு மாற்றினார்கள். படம் வரைகிறவர்கள், கணினி விளையாட்டு செய்கிறவர்கள் எல்லாம் வெளியூர்களிலிருந்து வந்து ஒரு வருடம் இங்கே தங்குவார்கள். அறை, கணினி, மாதக் கொடுப்பனவு எல்லாம் இலவசம். அவர்கள் வந்தால் நகரம் உயிர்பெறும் என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. நகரம் செத்துப்போனது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பஸ் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்த எனக்கு அங்கே இரவுக் காவல் வேலை கிடைத்தது. அதற்கு மேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இரவில் மேசைமேல் கிடப்பதையெல்லாம் வாசிப்பேன். அப்படித்தான் அந்த விண்ணப்பம் கண்ணில் பட்டது. தர்ஷிகா குட்செட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆட்டோக்களுக்குப் பின்னால் ஒட்டும் படங்கள் வரைந்துகொண்டிருந்தாள். நான்கு மாதம் கீறல் விழுந்த போனில் வரைந்து வரைந்து ஒரு நிமிட அசைபடம் ஒன்றும் செய்திருந்தாள்: கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மாலை நேர நெரிசல், நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸுக்கு மேலும் ஒரு காகம், பஸ் நகரும்போது காகம் நகராது. அவ்வளவுதான். ஆனால் பார்த்தால் திரும்பப் பார்க்கத் தோன்றும். இந்த இடம் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கட்டுகஸ்தோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர வேண்டும். அம்மா சொல்லிவைத்துவிட்டாள். காலையிலிருந்து இரவு வரை நிற்க வேண்டும், வரைய நேரம் இருக்காது.

விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நகர எல்லைக்கு வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். நான் ஹேவாஹெட்டவில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் வீரையா மாமாவின் முகவரியைப் போட்டேன். அவள் அங்கே வசிப்பதாக மாமா ஒரு கடிதமும் வாங்கித் தந்தார். அம்மாவிடம் சொல்லவில்லை; பொய்க் கடிதம் என்றால் பயந்துவிடுவாள். "எங்க இருக்கோம்னு கடுதாசி பாப்பாங்க," என்று மட்டும் தர்ஷிகா அவளிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா கிளம்பி வர அது போதுமாக இருந்தது.

அசைபடம் ஓடி முடிந்தபோது ஸ்ரீதரன் மறுபடியும் போடச் சொன்னார்.

"ஆரிட்டப் பழகினனீர்?"

"யாருகிட்டயும் இல்ல சேர். போன்ல பாத்துதான்."

"காகத்த ஏன் பறக்க விடேல்ல?"

தர்ஷிகா கொஞ்சம் யோசித்தாள். "அதுக்கு அவசரம் இல்ல சேர்."

அவர் சிரித்துவிட்டார். ஜஹானா மிஸ்ஸும் சிரித்தார். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிங்கள அதிகாரியும் சிரித்தார். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஹேவாஹெட்ட எண்டு போட்டிருக்கு," என்றார் ஸ்ரீதரன் தாளைப் பார்த்து. "கண்டிக்கு வந்து தங்க வீட்டில ஓமெண்டு சொன்னவையோ?"

அப்போதுதான் அம்மா எழுந்தாள். எழுந்தாள் என்பதும் சரியில்லை. வந்தவுடன் ஸ்ரீதரன் "இருங்கோம்மா" என்று காட்டிய மூட்டை மாதிரியான இருக்கையில் அமிழ்ந்துபோயிருந்தாள். முழங்கால் முகத்துக்கு நேரே. தெரு கூட்டும் வேலைக்குப் போடும் செம்மஞ்சள் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. இரண்டு தரம் முயன்று, தரையில் கையூன்றி எழுந்தாள். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை.

வீட்டுத் தாள்களெல்லாம் இருக்கும் அந்தப் பை எங்கள் வீட்டில் ஆணியில் தொங்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் முதலில் வெளியே போவது அதுதான். அடையாள அட்டைக்குப் போனாலும், எங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனாலும் அம்மாவிடம் எல்லா மேசைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கின்றன. எந்தத் தோட்டம்? டவுனில் இருப்பதற்கு என்ன ஆதாரம்?

"மிஸ், அது அவ மாமன் வீடு. இவ டவுன் புள்ள," என்றாள் அம்மா. "தப்பா எழுதிட்டாங்க போல. எஸ்டேட்டு ஆளுன்னு தள்ளிறாதீங்க."

மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள். லயத்தில் வீடு கொடுத்த கடிதம். கரண்ட் பில். தர்ஷிகாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். வாக்காளர் பட்டியலின் பிரதி. நான் அவளைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணை அகட்டினேன். இன்னும் வை என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். கோயில் ரசீதையும் எடுத்தாள்.

"இந்தா, இந்தக் கோப்பி ஊத்துற மெஷின் இருக்குல்ல மிஸ், இங்கதான் இவளுக்குத் தொட்டில் கட்டியிருந்தோம். நாப்பது வருசமா இங்கதான் இருக்கோம். அந்தா நிக்கிறானே, அவன் என் மகன். அவனையே கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் காலணியைப் பார்த்தேன்.

சிங்கள அதிகாரி பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்து, ஜஹானா மிஸ்ஸிடம் மெதுவாக ஏதோ கேட்டார். பிறகு தட்டச்சு செய்தார். அவர் முகத்தில் கோபமில்லை. ஒரு கட்டத்தை நிரப்புகிற முகம்.

"உம்மா," என்றார் ஜஹானா மிஸ். குரல் தாழ்ந்திருந்தது. "இது வெளியூர்லேர்ந்து வாறவங்களுக்கு மட்டுந்தான். இத்தன பேர் புதுசா வந்தாங்கண்டு காட்டினாத்தான் எங்களுக்குச் சல்லி வரும். இங்கயே ஈக்கிறவங்களுக்குக் குடுக்க ஏலா."

அம்மா தலையாட்டிக் கேட்டாள். பிறகு பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"என்ன கடுதாசி மிஸ் கொறையுது? சொல்லுங்க, நாளைக்கே கொண்டாறேன்."

ஸ்ரீதரன் அணைந்திருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல வேலை பிள்ளை," என்றார் கடைசியில். "விடாதேயும்." அவரால் கொடுக்க முடிந்தது அதுதான்.

தர்ஷிகா அழவில்லை. தாள்களை அம்மா வைத்திருந்த அதே ஒழுங்கில் அடுக்கினாள். ரசீது அடியில், வீட்டுக் கடிதம் மேலே. பையின் சிப் பாதியில் சிக்கியது. அதைப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் இழுத்து, மூடினாள்.

என்னைக் கடக்கும்போது, "துணிக்கடைல நீலக் கலர் சட்டையாம் அண்ணே," என்றாள். "எனக்கு நீலமே ஆகாது."

அம்மா எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "நீ ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல?" என்றாள்.

அவள் முழுக் கையையும் ஊன்றித் தள்ளித்தான் கதவைத் திறந்தாள். வெளியே, படியின் விளிம்பில் ஒரு இளைஞன் பெரிய பயணப்பெட்டியோடு காத்திருந்தான். அவனுக்கு வழிவிட்டு இருவரும் இறங்கினார்கள். அவன் உள்ளே வந்தான். கொழும்பு ஏசி பஸ்ஸின் குளிர் இன்னும் அவன் மேல் இருந்தது.

அம்மா சுவரில் சாத்திவைத்திருந்த விளக்குமாற்றை எடுக்கப் போனவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் கை அச்சு ஐந்து விரலோடு பதிந்திருந்தது. திரும்பி வந்து, முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள். வாயால் ஊதி, மறுபடி துடைத்தாள். தர்ஷிகா பையை அணைத்தபடி நின்றாள்.

"தம்பி, கதவு," என்றார் ஜஹானா மிஸ்.

அச்சு கண்ணாடியின் உள்ளே, என் பக்கம் இருந்தது. நான் கதவை இழுத்து மூடி, காவல் அட்டையைக் கதவில் வைத்தேன். பூட்டு விழுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே அம்மா இன்னும் துடைத்துக்கொண்டிருந்தாள்.