கன்ட்ரோலர் பதில் சொல்லவில்லை

"தொடாதீங்க," என்றாள் வெர்னா. "அஞ்சு பேரும் அந்தக் கைப்பிடியிலேர்ந்து கையை எடுங்க."

உடனே எடுத்தார்கள். சொன்ன மாத்திரத்தில் எடுத்தார்களே, அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்புக் கோட்டு, அதற்கு மேல் நீலக் கோடு போட்ட எஞ்சின் டிரைவர் தொப்பி. ஐந்து பேரில் ஒருவனும் பிறந்ததிலிருந்து நிஜ எஞ்சினை ஓட்டியதில்லை. டொமினிக் குழாய் ரிப்பேர் பார்க்கிறவன். டுவைட் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மற்ற மூன்று பேரும் அதே ரகம்தான். சவப்பெட்டிக்குள் படுத்திருக்கும் அவள் புருஷன் எல்வின் ப்ரைஸும் ஸ்க்ரான்டன் கடைத்தெருவில் காலமெல்லாம் ஷூ விற்றவர்தான்.

"அம்மா, மெதுவாப் பேசும்மா." மகள் ஜேனட் அவள் முழங்கையைப் பிடித்தாள். "சர்ச்சுல எல்லாரும் காத்திருக்காங்க. இவங்க தூக்கலேன்னா வேற யாரு தூக்குவா?"

"ரோட்டுல போறவனைக் கூப்பிடு. இவங்க மட்டும் வேண்டாம்."

சவ அடக்க நிலையத்தின் மேனேஜர் சுவரோரமாக நின்று தன் ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருப்பார், பாவம்.

நடந்தது இதுதான். வீட்டு நிலவறை முழுக்க எல்வின் லாக்கவானா ரயில்வேயைப் பொம்மை அளவில் கட்டி வைத்திருந்தார். அவருடைய அப்பா கரி அள்ளிப்போட்ட ரயில்வே அது. எப்போதோ இன்னொரு கம்பெனியோடு சேர்ந்து பேர் இல்லாமல் போய்விட்டது. கீழே மட்டும் அது சாகவில்லை. அங்கே எப்போதும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு, அக்டோபர் மாதம். மெரூனும் சாம்பலுமாகப் பயணிகள் ரயில், மலையேறும் கரி வண்டி, அதைப் பின்னாலிருந்து தள்ள ஒரு நீராவி எஞ்சின். வெர்னாவின் ரொட்டிக் கட்டையால் நிஜ நிலக்கரியை நொறுக்கித்தான் அந்தக் குட்டிப் பெட்டிகளை நிரப்பினார். கல்யாண நாள் மறந்துபோகும். எந்த நம்பர் எஞ்சினுக்கு எந்தப் பக்கம் ஏணி என்பது மட்டும் மறக்கவே மறக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் இந்த ஐந்து பேரும் வருவார்கள். ஆளுக்கொரு ரயில். எல்வின்தான் கன்ட்ரோலர். மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் அவருடைய மேஜை. நிஜ ரயில்வேயில் கன்ட்ரோலர் எங்கோ ஊர் தாண்டி உட்கார்ந்திருப்பார் இல்லையா, அதனால் இங்கேயும் நேரில் பேசக்கூடாது. போனில்தான் கேட்க வேண்டும். அவர் உத்தரவு தராமல் ஒரு சக்கரம் நகரக்கூடாது.

போன வியாழக்கிழமை வெர்னா மேலே ஆப்பிள் கேக் செய்துகொண்டிருந்தாள். கீழே சத்தம் நின்றது. காப்பிக்கு நிறுத்திவிட்டார்கள்போல என்று கேக்கை வெட்டித் தட்டில் அடுக்கினாள். கொண்டுபோனால், ஐந்து தடிப்பயல்களும் அவரவர் இடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"என்னாச்சு?" என்று கேட்டாள்.

"கன்ட்ரோலர்கிட்டேர்ந்து உத்தரவு வரல," என்றான் டுவைட். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

அவள் தட்டை ஏதோ ஒரு மலைமேல் வைத்துவிட்டுத் திரையை இழுத்தாள். எல்வின் மேஜைமேல் நெற்றியைச் சாய்த்துக் கிடந்தார். எதிரே போன் விளக்கு ஐந்தும் எரிந்துகொண்டிருந்தன.

ஆம்புலன்ஸில் வந்த பெண், எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறார் என்று கேட்டாள். டுவைட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் என்றான். அது நாலு மடங்கு வேகமாக ஓடும் விளையாட்டுக் கடிகாரம்! டொமினிக் அவன் விலாவில் இடித்த பிறகுதான் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திச் சொன்னான். ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒருவேளை..." என்று இழுத்தார். அந்த ஒருவேளைதான் அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடவில்லை.

"டுவைட்," என்றாள் இப்போது. "உனக்கும் அந்தத் திரைக்கும் எவ்வளவு தூரம்?"

"வெர்னா..."

"கணக்கு வாத்தியார்தானே, சொல்லு."

"கைய நீட்டினா எட்டும்."

"நீட்டினியா?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"பேரைச் சொல்லியாவது கூப்பிட்டியா? எல்வின், என்னப்பா ஆச்சுன்னு ஒரு வார்த்தை? அஞ்சு பேர்ல ஒருத்தனுக்குமா தோணல?"

"அவர் வேணும்னே பேசாம இருக்காருன்னு நெனச்சோம்," என்றான் டொமினிக். "டெஸ்ட் வைக்கிறாருன்னு. போன வருஷம் நான் திரையைத் தூக்கினேன், ஞாபகம் இருக்கா? என் ரயிலோட உத்தரவுச் சீட்டைக் கிழிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாரே! ரெண்டு மாசம் சேத்துக்கவே இல்ல. ரூல்னா ரூல்னாரு."

"அவரு சாகும்போது கூடவா ரூலு?"

"சாகுறாருன்னு தெரியாதுங்க." டொமினிக்கின் மூக்கு சிவந்துவிட்டது. "சத்தியமாத் தெரியாது."

வெர்னாவுக்கும் ரூல் தெரியும். ஒரு தடவை காப்பி எடுத்துக்கொண்டு திரையை விலக்கினாள். ஐந்து பேர் முன்னால், பத்து வயசுப் பெண்ணை அதட்டுவதுபோல் அதட்டினார். அதற்குப் பிறகு கேக்கைக்கூடப் படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவாள். அன்று எப்படியோ உள்ளே போனாள். போயும் என்ன பிரயோஜனம்?

அவள் திரும்பினாள். பெட்டியின் மூடியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய சத்தம். மேனேஜர் தலை நிமிர்ந்தார்.

"உன் பாழாப்போன ரூலு! யாரும் கிட்ட வராம பாத்துக்கிட்டியே, இப்ப நிம்மதியா? நிம்மதியா மனுஷா?"

"அம்மா!"

"விடுடி. உயிரோட இருந்தப்ப ஒரு நாள் இப்படிக் கேட்டிருக்கணும்."

இன்னொரு தடவை அடித்தாள். கை வலித்தது. சர்ச்சின் நிலவறையில் பெண்கள் ஹாம் சாண்ட்விச்சும் கறி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸும் அடுக்கிக்கொண்டிருப்பார்கள், பாதிரியார் மணி பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாம் நினைவுக்கு வந்தது. வேறு ஆளுக்கு இனி எங்கே போவது?

"தொப்பியைக் கழட்டிட்டுத் தூக்குங்க," என்றாள்.

நான்கு தொப்பிகள் நாற்காலிமேல் விழுந்தன. டுவைட்டுடையது ஏற்கெனவே கையில் இருந்தது, அதையும் வைத்தான். ஆறாவது கைப்பிடியை ஜேனட் பிடித்தாள்.

மேனேஜர் கதவு இரண்டையும் திறந்தார். வெளியே மழை நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. கறுப்பு ஊர்தி படிகளுக்குக் கீழே பின்கதவைத் திறந்து நின்றது. வாசற்படியில் அவர்கள் நின்றார்கள். எல்லோரும் வெர்னாவைப் பார்த்தார்கள்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டி கனம். எல்வினும் ஒன்றும் இளைத்த ஆள் இல்லை. டொமினிக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. ஜேனட் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவை முறைத்தாள். நிற்கட்டும். ஒருத்தனாவது உத்தரவு கேட்காமல் காலை எடுத்து வைக்கட்டும், அதுவரை நிற்கட்டும். வெர்னா அவர்களுடைய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

டுவைட் அவளிடமிருந்து கண்ணை எடுத்தான்.

"போலாம்ப்பா," என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கினான். மற்றவர்களும் இறங்கினார்கள்.

மேனேஜர் ஓடிவந்து வெர்னாவின் கையில் ஒரு பெரிய குடையைத் திணித்தார். பெட்டியையும் அதைத் தூக்குகிறவர்களில் இரண்டு பேரையும் மறைக்கப் போதுமான குடை. அவள் அதை விரித்துத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள்.