நூன்சியா பார்க்காத கோல்கள்

நூன்சியாவுக்குக் கால்பந்து என்றால் உயிர். சபத்தீனோவுக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று விளக்கியதே அவள்தான். மைதானத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, இரண்டு எலுமிச்சம்பழத்தையும் ஒரு செருப்பையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினாள். அதில் மயங்கித்தான் அந்த பஸ் டிரைவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பேர்ப்பட்டவள் நவம்பரிலிருந்து இன்றுவரை, நேப்பிள்ஸ் அணி போட்ட ஒரு கோலைக்கூடத் தன் கண்ணால் பார்க்கவில்லை.

டிவி என்னவோ பக்கத்து அறையில்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கிய நொடியிலிருந்து முடியும்வரை அவள் வாணலி முன்னால் நிற்கவேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மறுபடி மறுபடி காட்டுவார்களே, பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகு கோல் பார்ப்பது, ஆறிப்போன குரோக்கே உருண்டையைத் தின்பது மாதிரி. வயிறு நிறையும், அவ்வளவுதான்.

எல்லாம் அந்தக் குரோக்கே செய்த வேலை. நவம்பரில் ஒரு மழை நாளில், உள்ளே சீஸ் வைத்த அந்த உருளைக்கிழங்கு உருண்டைகளின் முதல் ஈடு எண்ணெயில் விழுந்ததும் கோல் விழுந்தது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் பிட்ஸா வரவழைத்துக்கொண்டு, அவளும் ஹாலில் வந்து உட்கார்ந்தாள். அணி தோற்றது. கொழுந்தன் கத்தெல்லோ தீர்ப்பு சொல்லிவிட்டான்: ராசி அண்ணியின் வாணலியில் இருக்கிறது. இந்த ஊரில் ராசியைச் சோதித்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. கத்தெல்லோவே அந்த மழை நாளில் போட்டிருந்த கம்பளிக் கோட்டை இந்த மே மாதத்திலும் கழற்றாமல் வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

இன்றைக்குக் கடைசி ஆட்டம். சமன் செய்தாலே கோப்பை. அந்த வார்த்தையைத்தான் யாரும் வாயால் சொல்லவில்லை. 'அந்தக் காரியம்' என்றார்கள். தெருவில் ரொட்டி விற்பவர்கூட 'அந்தக் காரியம் நடந்தால் நாளைக்குக் கடை கிடையாது' என்றார்.

நூன்சியா முந்தின நாள் மாலையே சீஸை விரல் நீளத்துக்கு நறுக்கி வடிய வைத்திருந்தாள். நீர் வடியாத சீஸ் எண்ணெயில் வாயைப் பிளந்துவிடும். காலையில் கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கை பொறுக்காத சூட்டிலேயே உரித்து, மசித்துப் பரப்பி ஆறவிட்டாள். துருவிய பழைய சீஸ், மஞ்சள் கரு, மிளகு, பார்ஸ்லி எல்லாம் சேர்த்துப் பிசையும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

"இன்னைக்கு எல்லாத்தையும் முன்னாடியே பொரிச்சு வச்சிடறேன். நானும் உக்காந்து பாக்கறேன்" என்றாள்.

ஹாலில் மூன்று பேருக்கும் முகம் செத்துவிட்டது.

"அண்ணி, உங்களுக்கு நாங்க என்ன பாவம் பண்ணினோம்?" என்றான் கத்தெல்லோ.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கோ" என்றான் மகன் மீம்மோ.

"இதையேதான் எல்லா வாரமும் சொல்றே. இருபது வருஷம் மைதானத்துல தொண்டை கிழியக் கத்தினவடா நான். அன்னைக்கு நீங்க யாராவது என் வாணலியைத் தேடினீங்களா?"

சபத்தீனோ எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டான். "நூன்சியா, தோத்துட்டா நாளைக்கு பஸ்ஸை எப்படி எடுப்பேன்? ஊரே என்னைப் பாத்து, உன் பெண்டாட்டி ஏன் உக்காந்தான்னு கேக்கும்."

அவள் ரொட்டித்தூள் படிந்த கையோடு அடுப்படிக்குப் போனாள். கதவை மட்டும் கொஞ்சம் ஓங்கிச் சாத்தினாள்.

ஆட்டம் தொடங்கியது. முதல் ஈட்டைப் போட்டாள். நாலு நாலாகத்தான் போடுவாள். அவை பொன்னிறமாக உருண்டன. ஹாலில் ஒரு கூச்சல் எழுந்தது. ஆனால் அது எழவு வீட்டுக் கூச்சல். எதிரணி கோல் போட்டிருந்தது.

இடைவேளையில் விசாரணை நடந்தது. நாற்காலி நகர்ந்ததா? மீம்மோ வேறு காலுறை போட்டானா? யாராவது அந்த வார்த்தையைச் சொன்னார்களா? ஒரு குற்றமும் அகப்படவில்லை. தட்டில் கொண்டுவந்த குரோக்கேயை யாரும் தொடவில்லை. நூன்சியாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பொய் சொல்வது பாவம்தான். ஆனால் நவம்பரிலிருந்து ஒருத்தியைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்திவைத்தது புண்ணியமா?

"ராசி என் கையில இருந்ததே இல்லை" என்றாள் மெதுவாக. "சபத்தீனோ, அந்த மழை நாள்ல நீ சிகரெட் பத்தவைக்க அடுப்புகிட்ட வந்தே. ஞாபகமிருக்கா?"

"நான் எப்பவும்தான் வருவேன்."

"அன்னைக்கு நான் கை கழுவப் போனேன். முதல் ஈட்டை எண்ணெயில போட்டது நீ. போட்டுட்டுப் போய் உக்காந்தே. கோல்."

சபத்தீனோவுக்குப் போட்டதாக ஞாபகமில்லை. போடவில்லை என்றும் ஞாபகமில்லை.

"அப்போ இத்தனை மாசம் அம்மா பொரிச்சு எப்படி ஜெயிச்சோம்?" என்றான் மீம்மோ.

"உங்கப்பா கை வச்ச ராசி இவ்வளவு நாள் ஓடிச்சு. இப்ப தீந்துபோச்சு."

எல்லோரும் கத்தெல்லோவைப் பார்த்தார்கள். அவன் கோட்டுக் கழுத்துக்குள் விரலை விட்டு வேர்வையைத் துடைத்தான். "நடக்கும்" என்றான். "செல்போன் சார்ஜ் மாதிரி. அண்ணே, எந்திரி."

"போட்டுட்டு வந்துடறேன்."

"போட்டுட்டு வந்ததாலதான் தீந்துபோச்சு. இந்தத் தடவை கடைசிவரைக்கும் அங்கேயே நில்லு. அண்ணி, நீங்க அவன் நாற்காலியில உக்காருங்க, அது காலியா இருக்கக்கூடாது."

சபத்தீனோ தூக்குமேடைக்குப் போகிறவனைப் போலப் போனான். நூன்சியா உட்கார்ந்தாள். புல்லின் பச்சையைப் பார்த்ததுமே நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

உள்ளே அவன் தட்டிலிருந்த அத்தனையையும் ஒரே நேரத்தில் எண்ணெயில் கொட்டியிருக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம் வந்தது.

"நூன்சியா, எல்லாம் வெடிக்குது. சீஸ் வெளிய வருது."

"வரட்டும்" என்றாள், திரும்பாமலே. டிவியைப் பார்த்து, "இடது பக்கம் ஆளே இல்லையே, கண்ணு அவிஞ்சுபோச்சா? அங்க தள்ளு" என்றாள். மீம்மோ அவளை வியப்பாகப் பார்த்தான்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அணி கடைசியில் இடது பக்கமே தள்ளியது. பந்து உயர்ந்து வளைந்து வந்தது. நெட்டையான இரண்டு பேருக்கு நடுவிலிருந்து அணியிலேயே குள்ளமானவன் எம்பி, நெற்றியால் முட்டினான். பந்து கம்பத்தில் பட்டு, ஒரு கணம் யோசித்துவிட்டு, உள்ளே உருண்டது. நூன்சியா அத்தனையையும் பார்த்தாள். கத்தவில்லை. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சபத்தீனோ ஜல்லிக்கரண்டியோடு ஓடிவந்தான். சட்டையெல்லாம் சீஸ் நூல் நூலாகத் தொங்கியது. "யாரு போட்டா? எப்படிப் போட்டான்?"

கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்த கத்தெல்லோவும் மீம்மோவும் அப்படியே நின்றார்கள். குழந்தையை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்கள்.

"எதுக்கு வெளிய வந்தே? ஆட்டம் முடிஞ்சிடுச்சா?" என்றான் கத்தெல்லோ.

"நூன்சியா, நீயாவது சொல்லு. கடைசி அஞ்சு நிமிஷமாவது பாத்துக்கறேன்."

அவனும் சின்ன வயதிலிருந்து இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தான். கண் கலங்கியிருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. சிகரெட்டுமில்லை, கை கழுவியதுமில்லை, எல்லாம் நானாக இட்டுக்கட்டியது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அப்போது எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. அவர்களுடைய நெட்டையன்களெல்லாம் கோலுக்கு முன்னால் வந்து குவிந்தார்கள். அவன் கை வைத்தான், கோல் விழுந்தது. அது பொய்யில்லையே.

"சபத்தீனோ" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போய் வாணலிகிட்ட நில்லு."