அருவிப் பாதைக்கு இருபத்தாறு ஜோடி

சாலை என்கிற பழைய கடைத்தெருவில் இசக்கிசெல்வியின் விரலை ஏமாற்றிய துணி கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தே எத்தனை துவைப்புத் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். லிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் பதினேழு வருஷம் நின்ற அனுபவம். நின்றது என்றால் நிஜமாகவே நின்றதுதான். அந்தக் கடையில் ஸ்டூல்கள் எல்லாம் கவுன்டருக்கு முன்னால், துணி வாங்க வருகிறவர்களுக்கு. பின்னால் இருப்பவர்களுக்குச் சொந்தக் கால் உண்டு, அது போதும் என்பது அண்ணாச்சியின் கொள்கை.

அப்படிப்பட்டவள் சித்திரை மாதம் வேலையை விட்டாள். பொன்முடிக்குப் போகிற வழியில், கல்லாற்றுப் பக்கம், மலை பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு கடை போடப்போவதாகச் சொன்னாள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"செல்வி, நீ மலை ஏறியிருக்கியா?"

"ஏறாம என்ன அண்ணாச்சி. நான் அம்பாசமுத்திரத்துக்காரியில்லா."

அம்பாசமுத்திரத்தில் பிறந்தது உண்மை. கொல்லைக் கதவைத் திறந்தால் மலைதான் நிற்கும். ஆனால் அதில் ஏறியதெல்லாம் அவள் வீட்டு ஆடுகள்.

கடை என்னவோ பார்க்க லட்சணமாகத்தான் அமைந்தது. தொப்பி, மழைக்கோட்டு, ரப்பர் ஷூ, மூங்கில் கம்பு, கப்பலண்டி என்கிற கடலை மிட்டாய், பாட்டிலில் உப்பு நெல்லிக்காய். வருகிறவர்கள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார்கள், தொப்பியைப் போட்டு செல்ஃபி எடுப்பார்கள், அதைத் திரும்ப மாட்டிவிட்டு ஒரு நெல்லிக்காயோடு காரில் ஏறிப் போவார்கள். மூன்று மாதம் இப்படியே போனது. பழவங்காடியில் ஹோட்டல் சமையல்காரனாக இருக்கும் அவள் புருஷன் வன்னியராஜ் இந்தக் கடையைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பது அவன் மூச்சு விடுகிற விதத்திலேயே தெரிந்தது. ஓணம் நெருங்குகிறது, கடையில் கை போதவில்லை, உன் இடம் அப்படியேதான் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல் என்று அண்ணாச்சியும் ஆள் அனுப்பிவிட்டார்.

திரும்பிப் போவதில்லை என்று செல்வி மனசுக்குள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவுக்கு ஒரு காரணம் கிடைக்கவேண்டியதுதான் பாக்கி. அந்தக் காரணத்தின் பெயர் ஷாலு.

ஷாலு கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலை பார்த்து, அலுத்துப்போய், இப்போது அதே ஆபீஸ்காரர்களை வாரக்கடைசியில் காட்டுக்குக் கூட்டிப்போகிற தொழில் செய்கிறவள். அப்பா வழியில் திருநெல்வேலி, படித்ததெல்லாம் இங்கே, அதனால் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி மொய்க்கும். போகிறபோது சிரித்துக்கொண்டு போகிறவர்கள் வருகிறபோது கெண்டைக்காலில் ரத்தம் ஒழுக வருவதைச் செல்வி தினமும் கடையிலிருந்து பார்த்தாள். ஒருநாள் நெருக்கமாக நெய்த காடாத் துணியில் முழங்கால் வரைக்கும் ஒரு ஜோடி காலுறை தைத்து, மேலே நாடா கோத்து, ஷாலுவிடம் கொடுத்தாள். அவசரத்தில் தைத்தது, தேய்க்கக்கூட இல்லை. ஷாலு அதை ஒரு மாதம் போட்டு நடந்தாள். ஒரு அட்டைகூட உள்ளே நுழையவில்லை.

சனிக்கிழமை கம்பெனி ஆட்கள் இருபத்தைந்து பேர் வருகிறார்கள், தனக்கும் சேர்த்து இருபத்தாறு ஜோடி வேண்டும் என்று சொன்னாள் ஷாலு. நன்றாக இருந்தால் இந்த சீசன் முழுக்க எல்லாக் கூட்டத்துக்கும் செல்விதான், இல்லையென்றால் வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொள்வாள்.

மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். இருபத்தாறும் முடிந்தன. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினேழு வருஷம் ஜவுளிக்கடையில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? துவண்டு கிடக்கிற துணியைப் பார்த்தால் அந்தக் கைக்குப் பொறுக்காது. சாலைக் கடைத்தெருவில் புதுத்துணி என்றால் மொடமொடவென்று இருக்கவேண்டும், மடித்தால் சத்தம் வரவேண்டும். வியாழக்கிழமை நல்ல வெயில் அடித்தது. சோற்றுக்கஞ்சியை வடிகட்டி, இருபத்தாறு ஜோடியையும் நாடாவோடு சேர்த்து முக்கிப் பிழிந்து, காயவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டாள். அடுக்கி வைத்தபோது கல்யாண வேட்டிபோல நின்றன. அவளுக்கே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பே வேன் வந்துவிட்டது. இறங்கியவர்கள் நேரே கடைக்குள் நுழைந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வாங்கவந்த கூட்டம், பார்க்கவந்த கூட்டமில்லை. மழைக்கோட்டு போயிற்று, கம்பு போயிற்று, மிட்டாய் டப்பாவில் தூள்தான் மிச்சம். அனூப் என்று ஒரு பையன், இன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை ஷூவோடு, காலுறையில் கறுப்பு இருக்கிறதா என்று கேட்டான். செல்வி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கறுப்புல அட்ட ஏறுனா ஒனக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு இடுப்பு வரைக்கும் போயிரும். வெள்ளையக் கட்டு மோனே, வந்தவன் யாருன்னு தெரிஞ்சிக்கிடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மொடமொடவென்று இருந்த காலுறையைத் தட்டிப் பார்த்து, செமையா இருக்கு என்றார்கள். செல்விக்கு உச்சி குளிர்ந்தது. திங்கட்கிழமை அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்லவேண்டும் என்பதை வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தூறல் விழுந்தது. அனூப் தன் ஷூவை மறந்து கடைவாசல் பள்ளத்தில் காலை வைத்துவிட்டான். காலுறை நனைந்தது. நனைந்த இடத்திலிருந்து பால்போல ஒரு நீர் கசிந்து ஷூவுக்குள் இறங்கியது. அவன் குனிந்து அவிழ்ந்த நாடாவை இறுக்கினான். இறுக்கிவிட்டு நிமிர்வதற்குள் முடிச்சு வழுக்கி மறுபடி அவிழ்ந்தது. காலுறை மெல்லச் சரிந்து கணுக்காலில் வந்து உட்கார்ந்தது.

செல்வி அந்த வெள்ளை நீரைப் பார்த்தாள். கஞ்சி. காய்ந்திருக்கும்வரைதான் அது மிடுக்கு, நனைந்தால் வெறும் கொழகொழப்பு. பாதையில் நாலு இடத்தில் ஓடையைக் கடக்கவேண்டும் என்று ஷாலு சொல்லியிருந்தாள். முதல் ஓடையில் நாடா அவிழும், இரண்டாவதில் ஷூவுக்குள் பாதம் வழுக்கும், பாறைமேல் எவனாவது ஒருவன் விழுவான். அட்டை விஷயம் அதற்கப்புறம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தப் பாதையில் நடந்திருந்தால், எந்த மடச்சி அதற்குக் கஞ்சி போடுவாள்?

வேறு யாரும் கவனிக்கவில்லை. அனூப்கூடத் தன் முடிச்சைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். பத்து மணிக்குள் காட்டுவாயிலில் நுழையவேண்டும், நேரம் தாண்டினால் வனக்காவலர்கள் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். ஷாலு வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் கூட்டம் நடந்து போய்விடும். மழைமேல் பழியைப் போடலாம். மழையில் நனைந்தால் எந்தத் துணியும் அப்படித்தான் என்று சாலைக் கடைத்தெருவில் தினம் பத்துப் பேர் சொல்கிற பொய்தான், அவளே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அங்கே துணி கிழிந்தால் துணிதான் கிழியும். இங்கே அந்த வெள்ளை ஷூக்காரனின் கால் போகும்.

"எல்லாரும் காலுறையக் கழத்துங்க" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். பதினேழு வருஷம் கடைத்தெரு இரைச்சலுக்கு மேலே பேசிய தொண்டை, இருபத்தாறு பேரும் அப்படியே நின்றார்கள்.

ஷாலு வந்தாள். செல்வி ஒளிக்காமல் சொன்னாள், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று கஞ்சி போட்டதை. ஷாலு அனூப்பின் காலைப் பார்த்தாள், துணியை விரலால் தேய்த்தாள், பிசுபிசுவென்று ஒட்டிய விரலைப் பார்த்தாள்.

"சேச்சி, சாம்பிள் ஒண்ணு, சாதனம் வேறயா?"

காட்டிய சரக்கு ஒன்று, கொடுத்த சரக்கு வேறு என்கிறாள்; சாலைக் கடைத்தெருவில் ஒரு வியாபாரியை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. செல்விக்கு முகம் எரிந்தது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நீங்க இந்த வழிக்கு ஒரு தடவையாவது போயிட்டுண்டா?" என்றாள் ஷாலு அடுத்தபடியாக.

"இல்ல" என்றாள் செல்வி. நாலு மாதமாக எல்லோரிடமும் சொல்லிவந்த பொய் அந்த ஒரு சொல்லோடு இறங்கியது. இறங்கியதும் அவளுக்கு ஆச்சரியமாக ஒரு தெம்பு வந்தது. "மோளே, மணி ஒம்பது பத்து. எனக்கு அரமணிக்கூர் தா. துணி விசயத்துல நான் சொன்னது நடக்கும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எதிரே சரிவில் இறங்கினால் ஆறு. முதல் நாலு ஜோடியை அள்ளிக்கொண்டு இறங்கி, பாறையில் ஓங்கி இரண்டு அடி அடித்தாள். ஆற்றில் வெள்ளையாகக் கரைந்து ஓடியது. மேலே நின்றவர்களைப் பார்த்து, அவரவர் காலுறையை அவரவர் துவைக்கவேண்டும், துணிக்கு வலிக்குமே என்று பார்க்கக்கூடாது என்றாள். சுற்றுலா வந்த கம்பெனி முழுசாக ஆற்றில் இறங்கிவிட்டது. வீட்டில் மெஷின் பட்டனைத் தவிர வேறெதையும் தொடாதவர்கள், பாறையில் அறைகிற சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். செல்வி ஒவ்வொன்றாக வாங்கி விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தாள். விரல் பிசுக்கினால் திருப்பிக் கொடுத்தாள். அனூப்புடையதை மூன்று தடவை திருப்பினாள். ஈரத்தோடுதான் கட்டிக்கொள்ளவேண்டும், எப்படியும் நனையப்போகிற கால்தானே என்றாள். நனைந்த பருத்தி நாடாவின் முடிச்சு இரும்பாக இறுகியது.

ஒன்பது நாற்பது ஆனது. ஷாலு இன்னும் சிரிக்கவில்லை.

"துணி சரியாயி. இனி எனக்கு நம்பிக்கை வரணும்னா நீங்களும் ஒரு ஜோடி போட்டு என்கூட வாங்க."

சனிக்கிழமை, மழை, மலைக்கு வருகிற வண்டி வரிசையாக நிற்கிற நாள். செல்வி ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். மீதமிருந்த ரப்பர் ஷூவில் தன் அளவைத் தேடி எடுத்துக்கொண்டாள். தனக்கென்று தைத்தது இல்லாததால் ஷாலு தன் பழைய சாம்பிளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, புதியதில் ஒன்றைத் தான் போட்டுக்கொண்டாள்.

ஏறுவது அவள் நினைத்ததுபோல இல்லை. முதல் மேட்டிலேயே மூச்சு வாங்கியது. இரண்டாவது ஓடையில் தண்ணீர் முழங்கால் வரை இழுத்தது, பாறை வழுக்கியது, ஆனால் ஷூவுக்குள் பாதம் அசையவில்லை. கரையேறியதும் குனிந்து பார்த்தாள். காய்ந்த இலைகளிலிருந்து அட்டைகள் நூல்நூலாக எழுந்து, வெள்ளைத் துணியில் தொற்றி, குனிந்து நிமிர்ந்து ஏறிக்கொண்டிருந்தன. துணியைக் குடைந்து பார்த்தன, இடம் கிடைக்கவில்லை, மேலே ஏறின. நாடாவுக்குக் கீழே வந்து முட்டி நின்றன. உப்பும் புகையிலைத் தூளும் கட்டிய சின்ன முடிச்சால் தொட்டதும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவள் பயப்படவில்லை. கடைவாசலில் நிற்கிற வாடிக்கையாளரைப் படிக்கிறதுபோல அவற்றின் போக்கைப் படித்தாள்.

அருவியை எல்லோரும் போட்டோ எடுத்தபோது அவள் தன் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து காட்டுவாயில் திண்டில் வரிசையாக உட்கார்ந்து கழற்றினார்கள். இருபத்தாறு பேர் காலிலும் ஒரு கடி இல்லை. அனூப்பின் ஷூ மட்டும் இனி எந்த ஜென்மத்திலும் வெள்ளையாகாது. செல்விக்கு முழங்கையில் ஒரு கடி, பாறையில் கையை ஊன்றி மூச்சு வாங்கியதற்குக் கூலி. ஷாலு வாயைத் திறப்பதற்கு முன் செல்வி முந்திக்கொண்டாள்.

"இந்த மாதிரியே இனி தரமாட்டேன் மோளே. முட்டிக்குக் கீழ இன்னொரு நாடா வேணும், ஏறும்போது மடங்குது. உப்பு முடிச்சு வைக்க வெளிப்பக்கம் ஒரு பை வேணும், குனிஞ்சு தேடுததுக்குள்ள அது ஏறிருது. அடுத்த சனிக்கிழமை அதோட வரும்."

ஷாலு அப்போதுதான் சிரித்தாள். அடுத்த சனிக்கு நாற்பது ஜோடி என்றாள். சீசன் முடிகிறவரைக்கும் வேறு யாரிடமும் வாங்குவதாக இல்லை, ஆனால் புதிதாக எதைத் தைத்தாலும் சேச்சியே முதலில் போட்டு நடந்து பார்க்கவேண்டும் என்றாள். செல்வி தலையாட்டினாள். அழுகை வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது வசதியாகப் போயிற்று.

கடைக்குத் திரும்பி, ஷட்டரைத் தூக்கி, அங்கேயே தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு லிங்கம் அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வரை எதற்குக் காத்திருக்கவேண்டும்?

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க கேட்டதுக்குப் பொய் சொல்லிட்டேன். நான் மலை ஏறுனதே இல்ல. இன்னைக்குத்தான் ஏறுனேன்."

அந்தப் பக்கம் கடை இரைச்சலுக்கு நடுவே அண்ணாச்சியின் குரல் வந்தது.

"அப்ப வேலைக்கு வரமாட்டே."

"வரமாட்டேன் அண்ணாச்சி. ஆனா திங்கக்கிழமை கடைக்கு வாறேன். நெருக்கமா நெய்ஞ்ச காடா அம்பது மீட்டர் வேணும். மில்லுக் கஞ்சிகூட இருக்கப்படாது, நான் தேச்சுப் பாத்துத்தான் எடுப்பேன். அரமணிக்கூர்கூட நிக்க முடியாது, முட்டி ரெண்டும் போச்சு."

அண்ணாச்சி யாரிடமோ எதையோ எடுத்துவைக்கச் சொல்வது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினார்.

"நீ எதுக்கு நிக்கே? முன்னால ஸ்டூல் போட்டு வைக்கச் சொல்லிட்டேன். வந்து உக்காந்து பாரு."