ஆண்கள் சிறையில் நெட்டை மேடம்

பெண்கள் சிறையில் ஒன்பது வருஷம் காவலராக வேலை பார்த்தவளை ஆண்கள் சிறைக்கு மாற்றினார்கள். உத்தரவு வந்த அன்று அவளைவிட அவளுடைய மாமியாருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"அங்க பூரா ஆம்பளைங்கடி. கொலைகாரனுங்க வேற."

"இத்தனை வருஷமா நான் பார்த்துக்கிட்டு இருந்ததும் கொலைகாரிங்களைத்தான் அத்தை."

"அது வேற. பாவம், ஏதோ கோபத்துல பண்ணியிருப்பாங்க."

"ஆம்பளைங்க மட்டும் பொழுது போகாமலா பண்ணினாங்க?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை மறைக்க மகன் பக்கம் திரும்பி, "நெட்டைக்கு வாய் மட்டும் குறையலடா" என்றாள். நெட்டை என்பது பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் அது கழன்று விழவில்லை. கணவனே அவளை அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவான்.

ஆண்கள் சிறையில் அவளுக்கு ஒதுக்கிய நாலாவது பிளாக்கின் தலைமைக் காவலரைக் கைதிகள் மீசை என்பார்கள். ஆள் வருவதற்கு ஒரு விநாடி முன்பே மீசை அறைக்குள் வந்துவிடும். அவர் நெட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாசலில் பார்வையாளர் மேசையைக் காட்டினார்.

"இங்கயே உட்காருங்கம்மா. உள்ள வேணாம். அவனுங்க பேசுற பேச்சை உங்க காது தாங்காது."

"பெண்கள் சிறையில பேசுற பேச்சை ஒருநாள் நீங்க கேக்கணும் சார்" என்றாள் நெட்டை. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலையைவிடப் பெரிய சிக்கல் கழிப்பறை. அந்தச் சிறையைக் கட்டியவர்களுக்குப் பெண் ஒருத்தி இங்கே வேலைக்கு வருவாள் என்று தோன்றவே இல்லை போலிருக்கிறது. பெண்களுக்கான ஒரே கழிப்பறை நிர்வாகக் கட்டடத்தில் இருந்தது. இடையில் ஆறு கதவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி, ஒரு காவலர். அவள் போகும்போது ஆறு பேர் எழுந்து திறந்தார்கள், வரும்போது அதே ஆறு பேர் மறுபடி எழுந்தார்கள். அவளும் நிதானமாக, நன்றாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு, நாளுக்கு ஐந்து தடவை போய்வந்தாள். நாலாம் நாள் ஆறு பேரும் ஒன்றாகப் போய் மேலதிகாரியிடம் முறையிட்டார்கள். அந்த வாரமே பிளாக்கில் விளக்குமாறு வைக்கிற அறை காலியாகி அவளுக்குக் கழிப்பறையானது, கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும் வந்தது.

அடுத்த வாரம் இரண்டு காவலர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். மீசைக்கு வேறு வழியில்லை. "சரி, உள்ள வாங்க. ஆனா என் பின்னாடியே நில்லுங்க."

அன்று காலையில்தான் லாரி அடம்பிடித்தான். லாரி என்பவன் முன்பு லாரி ஓட்டியவன், உருவமும் ஏறக்குறைய அதே அளவு. மூன்று நாளாகக் கன்னம் வீங்கியிருந்தது. பல் டாக்டர் வந்து சிறை மருத்துவமனையில் காத்திருக்கிறார். இவனோ கட்டிலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அறையை விட்டு வர மாட்டேன் என்கிறான். வெளியே ஐந்து காவலர்கள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

மீசை நெட்டையின் பக்கம் குனிந்தார். "தூக்கிட்டுப் போறதுன்னா நாலு பேருக்கு அடிபடும். நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க. அம்மா மாதிரி, இதமா."

நெட்டை கம்பிக் கதவுக்கு அருகில் போனாள். இதமாக எல்லாம் பேசவில்லை.

"ஏன்யா வரமாட்டேங்கற?"

"போன தடவை நல்ல பல்லைப் புடுங்கிட்டாங்க மேடம்."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா மேடம். வலி வலது பக்கம். புடுங்கினது இடது பக்கம். சொன்னா யாரும் நம்பல. சிரிக்கிறாங்க."

அவள் நேராக மருத்துவமனைக்கு நடந்தாள். லாரியின் கோப்பைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டினாள். பதினேழாம் பக்கத்தில் இருந்தது. வலி: வலது கீழ்க்கடைவாய்ப்பல். பிடுங்கியது: இடது கீழ்க்கடைவாய்ப்பல். கீழே அழகாக ஒரு கையெழுத்து வேறு. அதைப் படித்த புது டாக்டர், பாவம், தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு தானே எழுந்து பிளாக்குக்கு வந்து, லாரியை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, வலது கன்னத்தில் நீல மையால் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டார். லாரி கண்ணாடியில் தன் முகத்தை இரண்டு தடவை பார்த்தான். "இப்பப் போலாம்" என்றான்.

ஐந்து காவலர்களும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த அம்புக்குறி தங்களைக் கடந்து போவதை வேடிக்கை பார்த்தார்கள்.

"என்ன இருந்தாலும் தாய் மனசு தாய் மனசுதான்!" என்றார் மீசை.

"நான் கோப்பைப் படிச்சேன் சார்."

"அதான்மா, அந்தப் பொறுமை ஆம்பளைக்கு வருமா?"

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. மறுநாளிலிருந்து யார் மூக்கை உறிஞ்சினாலும் நெட்டை மேடத்திடம் அனுப்பினார்கள். சாப்பிடாதவன், மனைவியிடமிருந்து கடிதம் வராதவன், தான் எழுதிய கவிதையைப் படித்துக்காட்ட ஆள் தேடுகிறவன் எல்லோரும் அவள் தலையில் விழுந்தார்கள். அறைச் சோதனை, தச்சுப் பட்டறைக் காவல், வண்டிப் பாதுகாப்பு எல்லாம் வழக்கம்போல மற்றவர்களுக்கு. இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாவது வாரம் மீசையின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"முதல்ல நான் மயங்கி விழுந்துடுவேன்னு வாசல்ல உட்கார வச்சீங்க. இப்ப ஊருக்கே தாயாக்கிட்டீங்க. நடுவுல காவலர்னு ஒரு வேலை இருக்கு சார். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

மீசை வாயைத் திறப்பதற்குள் ஒரு காவலர் ஓடிவந்தார். பதினோராம் அறையில் ஒருவன் தேம்பித் தேம்பி அழுகிறானாம். நாற்பது வயசு ஆள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கடிதம் வந்ததாம். "மேடம், கொஞ்சம் வாங்க!"

"எனக்குப் பட்டறையில கருவிக் கணக்கெடுப்பு இருக்கு" என்றாள் நெட்டை. அப்படி ஒரு வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்காததைத் தானே எடுத்துக்கொண்டாள். "சார் போவாரு."

"நானா?" என்றார் மீசை. அவர் கை தானாக மீசைக்குப் போனது. ஆனால் அவள் அதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பட்டறையில் உளி, சுத்தியல், ரம்பம் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டு முறை எண்ணினாள். முப்பத்தெட்டு உளியில் ஒன்று குறைந்தது. அங்கே தச்சு வேலை செய்த எட்டு கைதிகளையும் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொருவராகச் சோதித்து, கடைசியில் மரத்தூள் குவியலுக்கு அடியில் கண்டுபிடித்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மீசையின் நாற்காலி இன்னும் காலியாக இருந்தது.

பதினோராம் அறைக் கதவு திறந்தே கிடந்தது. மீசை கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சுருட்டிய போர்வை.

"கழுத்துக்குக் கீழ இப்படிக் கையைக் குடுக்கணும். தலை நிக்காதுல்ல? எங்க பெரியவளை முதல்ல தலகாணியோட சேர்த்துத்தான் தூக்கினேன். இப்ப மூணு பொண்ணுங்க. அவங்க அம்மா நர்ஸு, காலையிலேயே கிளம்பிடுவா. மூணு பேருக்கும் நான்தான் சடை பின்னி விடறேன்."

"பின்ன வருமாய்யா?" என்றான் அந்த அப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ரெட்டைச் சடையே வரும்!"

போர்வையை அவன் கையில் வாகாக வைத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்த மீசை, வாசலில் நின்ற நெட்டையைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்துபோயிற்று.

"என்னம்மா அங்க நிக்கிறீங்க? கணக்கு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். ஒரு உளி காணாமப் போச்சு, கிடைச்சிடுச்சு. எட்டு பேரையும் சோதிச்சு எழுதி வச்சிருக்கேன்."

மீசை அறையை விட்டு வெளியே வந்தார். "அப்ப நாளையிலேர்ந்து பட்டறை உங்களுக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சடை விஷயம் மத்தவங்களுக்குத் தெரிய வேணாம்."

"ஏன் சார்? தெரிஞ்சா என்ன?"

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து புது அப்பன் கூப்பிட்டான். "ஐயா, ஏப்பம் வரவைக்கிறது எப்படின்னு சொல்லவே இல்லையே?"

"இதோ வரேன்" என்று மீசை மறுபடியும் உள்ளே போனார்.